மண்ணுக்குப் போகாத கம்பி

கரண்டு பெட்டிக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்ட பெண் தொகுப்பு வீட்டுக்குள் செத்துக் கிடந்தால் ஊர் ‘விதி’ என்கிறது. காவல் நிலையம் ‘எதிர்பாராதவிதமாக மின்சாரம் தாக்கி’ என்று எழுதுகிறது. மீட்டருக்கு அந்தப் பக்கம் எங்கள் பொறுப்பில்லை என்கிறது மின்வாரியம். இந்த மூன்று பதில்களிலும் பெட்டியை மாட்டியவன் இல்லை. மாட்டச் சொன்னவன் இல்லை. பில்லைப் பாஸ் பண்ணியவனும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வங்கிக் குமாஸ்தா. புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு வீட்டுத் திட்டப் பணம் தவணை தவணையாகக் கணக்கில் ஏறுவதைப் பார்க்கிறவன். அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை, முடிந்த வீடு என்று கட்டத்துக்கு ஒரு போட்டோ உண்டு. ஒயரிங்குக்கு என்று தனியாக ஒரு கட்டம் கிடையாது. சுவர்ப்பூச்சுக்குள் என்ன போனது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சேரிக்குள் இறங்கி ஒரு மெயின் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரியை நான் கண்டதில்லை.

திறந்தால் என்ன தெரிகிறது? ஃப்யூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் முறுக்கிவிட்ட செம்புக் கம்பி. ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி. சுவிட்ச் விழுவதற்கு முன்னால் ஒயர் உருகிவிடும். முடுக்காமல் விட்ட திருகுகள். அந்த இடம் சூடேறிச் சூடேறிக் கடைசியில் பிளாஸ்டிக் பெட்டியே எரிகிறது. மூணு பின் சாக்கெட்டில் எர்த் துளை வெறுமனே கிடக்கிறது. இல்லாவிட்டால் அதையும் நியூட்ரலோடு ஒரு துண்டு ஒயரால் முடிந்துவைத்திருக்கிறார்கள். அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கிரைண்டர் உடம்பு பூராவும் கரண்டு.

எர்த் குழாய் எட்டடி ஆழம் இறங்கவேண்டும். இந்த மாவட்டத்தில் பல இடங்களில் செம்புரைப் பாறை. தோண்ட ஆள்கூலி ஆகும். குழாயை அறுத்து ரெண்டடி புதைத்துவிட்டுப் போகிறார்கள். கோடையில் மண் காய்ந்தால் அதுவும் வேலை செய்யாது.

எம்சிபி இருக்கிறதே, பயமில்லை என்று நம்மில் படித்தவர்களே சொல்கிறார்கள். எம்சிபி ஒயரைக் காக்கிற கருவி, ஆளைக் காக்கிறதல்ல. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லியாம்பியர். மனிதரைக் கொல்லச் சில பத்து மில்லியாம்பியரே போதும். 30 மில்லியாம்பியர் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபிதான் உயிரைக் காக்கும். அதை மாட்டிய சில வீடுகளிலும் ‘சும்மா சும்மா விழுது’ன்னு கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள். கசிவு இருக்கிறது என்று கத்திய கருவியின் வாயை அடைத்தாயிற்று.

2006-க்குப் பிறகு இலவச டிவி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்தன. நம் பெண்களின் கை அம்மியிலிருந்தும் ஆட்டுக்கல்லிலிருந்தும் விடுபட்டது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒற்றை பல்புக்காக இழுத்த ஒயரிலேயே அத்தனையும் ஓடின. பொருளைக் கொடுத்த அரசு, அதைத் தாங்கும் ஒயரையும் எர்த்தையும் கொடுக்கவில்லை.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் பிறகு சேர்த்த 61-ஏ, கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த தாழ்வழுத்த இணைப்புகளுக்கு விலக்கு. ஏசி ஓடும் பங்களாவுக்குப் பாதுகாப்பு, ஓட்டு வீட்டுக்கு விலக்கு! இன்று தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பு சாதாரண வீட்டுக்கும் 30 மில்லியாம்பியர் கருவியைக் கேட்கிறது. காகிதத்தில் வந்தது காலனிக்கு வந்ததா?

லண்டனில் பிளாஸ்டிக் மின்பெட்டிகள் எரிவது கூடியபோது, ஒழுங்காக முடுக்காத இணைப்புகளே முக்கியக் காரணம் என்று அங்குள்ள தீயணைப்புத் துறை கண்டது. 2016 ஜனவரி முதல் வீடுகளில் புதிதாக மாட்டும் பெட்டி எரியாத உறையில் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அங்கே தீ விபத்திலிருந்து விதி பிறக்கிறது. இங்கே சாவிலிருந்து ஒரு நிவாரணக் காசோலை பிறந்தால் அதுவே பெரிது.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், மின்சாரக் கொள்கைக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை தீராது என்பது அவர் வாதம். அவர் விடுதலைக்கு வழியாகக் கண்ட மின்சாரம் நம் தெருவில் கொலைக்கருவியாகத் தொங்குகிறது.

ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படித்த தம்பிகள் ஒவ்வொரு காலனியிலும் உண்டு. லைசென்ஸ் உள்ள ஒரு ஒயர்மேனையும் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் பெட்டியைச் சோதியுங்கள். கண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆர்சிசிபி உள்ள வீட்டில் மாதம் ஒருமுறை ‘டி’ பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை.

அந்தத் தாள்களோடு வருகிற கிராமசபைக்குப் போவோம். எர்த் போடாத வீட்டுக்குக் கடைசித் தவணை விடக்கூடாது, ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு அரசே செலவு செய்து ஆர்சிசிபி மாட்டவேண்டும், சோதனை அறிக்கை வீட்டுக்காரர் கையில் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதும்வரை எழுந்து வரவேண்டாம்.