பெரிய உடம்பு, சின்னக் கவளம்



ஆழ்கடல் பற்றி நம் இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, பள்ளி மாணவி ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: ‘ராட்சதக் கணவாய் என்ன சாப்பிடும்? திமிங்கிலத்தையா?’ இப்படியொரு கேள்வி வருவதே சந்தோஷம். இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

திமிங்கிலத்தைச் சாப்பிடாது. ஸ்பெர்ம் திமிங்கிலம்தான் அதைச் சாப்பிடுகிறது. திமிங்கிலங்களின் வயிற்றில் கணவாய்களின் அலகுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அலகு எளிதில் செரிப்பதில்லை. திமிங்கிலத்தின் தலையில் வட்ட வட்டமாகத் தெரியும் தழும்புகள், பிடிபட்ட கணவாய் தப்பிக்கப் போராடியதன் அடையாளம். இந்தப் பகையாளியைத் தூரத்திலேயே கண்டுகொள்ளத்தான் ராட்சதக் கணவாய்க்குச் சுமார் 27 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண் என்கிறது, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து டான்-எரிக் நீல்சன் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு. திமிங்கிலம் நீரைக் கலைத்துக்கொண்டு வரும்போது வழியிலுள்ள சிற்றுயிர்கள் ஒளிவிடும். அந்த மங்கல் ஒளியை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே இந்தக் கண் பார்த்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பெண் கணவாய் 12, 13 மீட்டர் வரை நீளும். ஆனால் அந்த நீளத்தில் பெரும்பகுதி இரண்டு உணர்கொம்புகளுக்கே போய்விடுகிறது. உடல் மட்டும் என்றால் 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தலையைச் சுற்றி எட்டுக் கைகள். இரையைப் பிடிப்பது அந்த நீண்ட உணர்கொம்புகளின் வேலை. அவற்றின் நுனியில் இருக்கும் உறிஞ்சிகள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரம்பப் பல் வைத்த கடினமான வளையம் உண்டு. அது பதிந்துவிட்டால் இரை நழுவாது. இழுத்துக் கைகளிடம் கொடுத்ததும், கைகளுக்கு நடுவே இருக்கும் அலகு வெட்டத் தொடங்கும்.

இந்த உடம்பில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதற்கு அடுத்த கட்டம்தான். கணவாயின் மூளை மெதுவடை போல நடுவில் துளையுள்ளது. உணவுக்குழாய் அந்தத் துளை வழியாகத்தான் வயிற்றுக்குப் போகிறது! பெரிய துண்டாக விழுங்கினால் மூளைக்கே ஆபத்து. அதனால் அலகு வெட்டியதை, வரிசை வரிசையாகப் பல் முளைத்த நாக்கு மேலும் அராவி, கூழ் மாதிரி ஆக்கித்தான் உள்ளே அனுப்பும். கப்பலை விழுங்குவதாகக் கடலோடிகள் கதை கட்டிய பிராணி, கைக்குழந்தைக்கு ஊட்டுகிற பதத்தில் சாப்பிடுகிறது.

ஆராய்ச்சியாளர்களுக்கு இதனால் பெரிய சோதனை. கரை ஒதுங்கிய உடல்களில் பாதிக்குமேல் செரித்த கூழ்தான் இருக்கும், அல்லது வயிறு காலியாக இருக்கும். மீனின் செவிக்கல், செதில், சின்ன அலகு என்று மிஞ்சியதை வைத்து, ஆழ்கடல் மீன்களும் மற்ற கணவாய்களும்தான் அதன் உணவு என்று கண்டுபிடித்தார்கள். டாஸ்மேனியாவுக்கு அருகே 1999-ல் பிடிபட்ட ஒன்றின் குடலில் இருந்த துணுக்குகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டிஎன்ஏ சோதனைக்கு உட்படுத்தினார்கள். மீன் துணுக்குகள், நியூசிலாந்துக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் ஹோக்கி மீனுடையவை. கணவாய்த் துணுக்குகளோ இன்னொரு ராட்சதக் கணவாயினுடையவை.

இது சோம்பேறியாக மிதந்துகொண்டு, வந்ததைப் பிடித்துத் தின்னும் பிராணி என்று பலர் நம்பியிருந்தார்கள். ஜப்பானின் சுனெமி குபொதெராவும் கியோய்ச்சி மோரியும் அதை மாற்றினார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கூடும் ஒகசவாரா தீவுகளின் கடலில், தூண்டிலில் சிறு கணவாயை மாட்டி, கூடவே கேமராவையும் இறக்கினார்கள். 2004 செப்டம்பர் 30 அன்று 900 மீட்டர் ஆழத்தில் ராட்சதக் கணவாய் பாய்ந்து வந்து தாக்கியது. ஓர் உணர்கொம்பு தூண்டிலில் சிக்கிக்கொள்ள, நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் போராடி, அதை அறுத்துவிட்டுத் தப்பியது. படகுக்கு வந்து சேர்ந்த துண்டின் நீளம் ஐந்தரை மீட்டர். உடலைவிட்டுப் பிரிந்த பிறகும் அதன் உறிஞ்சிகள் படகின் தளத்தையும், நீட்டிய விரல்களையும் பற்றிப் பற்றி இழுத்தன.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கும் ஊசிக்கணவாயும் இதே அமைப்புதான். வீட்டில் ஆயும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைகள் சேரும் இடத்தை அமுக்கினால் கரும்பழுப்பு அலகு வெளியே வரும். உடலுக்குள்ளிருந்து கண்ணாடி போன்ற தகடு ஒன்றை உருவலாம். நடுப்பக்கத்தில் ராட்சதக் கணவாயின் உடலமைப்பைப் படமாகத் தந்திருக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் கேட்கும் கேள்விகளை எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்