இல்லத்தார் அறிய: புதுச் சக்கரம் நடுவில் நிற்கிறதா?



நெய்வேலி நகரியத்தில் குடியிருப்புப் பகுதிகளை 'வட்டம்' என்றே எண்ணிட்டு வழங்குகிறோம். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் முறைவேலைக்குச் சென்ற தந்தையர் பலர் மிதிவண்டியை நம்பியிருந்தனர். இன்று நம் பிள்ளைகள், பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்கின்றனர். ஆகவே இம்மாதம் சக்கரத்தைப் பற்றிச் சில சொற்கள்.

புதுச் சக்கரத்தைப் பூட்டியதும் கடைக்காரர் விரலால் ஒரு சுழற்று சுழற்றிக் காட்டுவார். ரிம் ஆடாமல் ஓடினால், "கோட்டம் இல்லை" என்பார். உண்மைதான். ஆனால் கோட்டம் வேறு, நடு வேறு. அறவே ஆடாத ரிம்மும் முழுமையாக ஒருபுறம் ஒதுங்கி நிற்கக் கூடும். அச்சின் இருபுறமும் கோன்களை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு நட்டுகள் உள்ளன. அவற்றின் வெளிமுகங்களுக்குச் சரிநடுவில் ரிம் நிற்க வேண்டும். இல்லையேல் பிரேக் கட்டை ஒருபக்கம் உரசும். சிலர் அச்சைச் சாய்த்து முடுக்கி இதை மறைத்துவிடுகின்றனர். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஓட்டத்தால் ரிம் நடுவுக்கு வருவதில்லை. அளவில் குறைப்போரின் பெயராலேயே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அமைந்திருக்கிறது. கைவேலையும் அதற்கு விலக்கன்று என்பது என் கருத்து.

சோதனை எளிது. முன்சக்கர அச்சு, ஃபோர்க்கின் இரு காடிகளிலும் முழுவதும் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின் ரிம்முக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறியுங்கள். இடப்புறம் 20 மில்லிமீட்டர், வலப்புறம் 16 என்று வைத்துக்கொள்வோம். இப்போது சக்கரத்தைக் கழற்றி, இடவலம் மாற்றிப் பூட்டி மீண்டும் அளவுங்கள். இடம் 16, வலம் 20 என்று மாறினால் குறை சக்கரத்தில். நடுவிலிருந்து வித்தியாசத்தில் பாதி, அதாவது 2 மில்லிமீட்டர் விலகியுள்ளது. மாறாமல் 20, 16 என்றே நின்றால் சக்கரம் குற்றமற்றது, ஃபோர்க்கே வளைந்துள்ளது. அறியாமல் சக்கரத்தைத் திருகி வீணாக்க வேண்டாம்.

பிரேக் அமைப்பைக் கழற்றுவது தொல்லையெனில், டயர் மாட்டாத சக்கரத்தை ஒரே அளவான மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் மீது ரிம் படியுமாறு படுக்கவையுங்கள். மேசையிலிருந்து கீழ்ப்புறப் பூட்டு நட்டின் முகம் வரை அளவுகோலால் அளந்து, சக்கரத்தைப் புரட்டி மறுபடி அளந்தால் போதும். அச்சின் நுனியை அளக்கக் கூடாது. அது இருபுறமும் ஒரே நீளத்தில் துருத்தியிருக்க வேண்டியதில்லை.

ரிம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் இடப்பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகள் அனைத்தையும் வால்வு துளையிலிருந்து தொடங்கி, கால் சுற்றாக, ஒரே அளவில் முடுக்க வேண்டும். டியூப் பக்கமிருந்து நோக்கினால் நிப்பிளை வலமாகச் சுழற்றுவதே முடுக்குவது. கம்பிகள் ஏற்கெனவே விறைத்திருந்தால் வலப்பக்கத்தை அதே அளவு தளர்த்துங்கள். பின்னர் கோட்டமும் ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பி முனை நிப்பிளைத் தாண்டி ரிம்முக்குள் நீண்டால் டியூப் பஞ்சராகும். அதை அரத்தால் ராவிவிட வேண்டும்.

பல கியர் வண்டிகளின் பின்சக்கரத்தில் பற்சக்கரப் பக்கத்துக் கம்பிகள் அதிக விறைப்பாய் இருக்கும். அது குறையன்று; ரிம்மை நடுவில் நிறுத்துவதற்காகவே அவ்வாறு செய்கின்றனர்.