ஜப்பானிய வீட்டில் நம் பிள்ளை



படிப்பதற்காக ஜப்பானுக்குப் போகும் பிள்ளையை வழியனுப்பும் உம்மாமார் பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. “யாருடைய வீட்டில் இருப்பாள்? என்ன சாப்பிடுவாள்?” இவைதாம் அவர்களுடைய கேள்விகள். படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. கியோத்தோவின் பழைய கோயில்களையும் டோக்கியோவின் கோபுரத்தையும் சுற்றுலாப் பயணி மூன்று நாளில் பார்த்துவிடுவார். கிமோனோ உடுத்திப் படம் பிடிக்க ஒரு மணி நேரம் போதும். ஒரு சமூகம் எப்படி வாழ்கிறது என்பதை அறிய அதன் குசினிக்குள் போக வேண்டும்.

ரூபவாஹினியில் “ஓஷின்” பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுமிக்காக அழுதும் இருப்பீர்கள். இன்று வெளிநாட்டு மாணவர்களை ஏற்கும் வீடு அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் நகரத்தின் ஓரத்தில் ஒரு சிறிய வீடு. தமது பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதால் ஓர் அறை காலியாகக் கிடக்கும் நடுத்தர வயதுத் தம்பதியர். அல்லது சின்னப் பிள்ளைகளுக்கு வெளி உலகத்தைக் காட்ட விரும்பும் இளம் பெற்றோர்.

ஜப்பான் அரசாங்கம் வெளிநாட்டு மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கத் தொடங்கியது 1954இல். 1983இல் அங்கே ஏறத்தாழ 10,000 வெளிநாட்டு மாணவர்களே இருந்தனர். அதை ஒரு லட்சமாக்குவோம் என்று பிரதமர் நகசோனேயின் அரசு அந்த ஆண்டில் திட்டமிட்டது. 2003இல் அந்த இலக்கு நிறைவேறியது. 2019இல் தொகை மூன்று லட்சத்தையும் தாண்டியது. இவர்களில் பெரும்பாலானோர் தங்குவது விடுதிகளிலும் வாடகை அறைகளிலுமே. குடும்பத்தோடு தங்குவோர் ஒரு சிறு பகுதியினர். ஒசாகாவுக்கு அருகே ஹிரகதா நகரிலுள்ள கன்சாய் கைதாய் பல்கலைக்கழகம் போன்ற சில நிறுவனங்கள் மாணவரை வீடுகளில் சேர்த்துவிடுகின்றன. ஏஎஃப்எஸ் என்ற அமைப்பின் மூலம் வரும் உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் ஓர் ஆண்டு வரை ஒரே வீட்டில் தங்குவதுண்டு. ஏற்கும் குடும்பத்தார் அதற்குக் கூலி வாங்குவதில்லை. விடுதியில் இருக்கும் மாணவருக்கும், நகரசபையோடு சேர்ந்தியங்கும் நட்புறவுச் சங்கங்கள் வார இறுதியில் ஒரு வீட்டை ஒழுங்கு செய்து தருவதுண்டு.

முதற் பாடம் வாசலிலேயே. கதவைத் திறந்ததும் தாழ்ந்த ஒரு நிலப்பரப்பு இருக்கும். அதன் பெயர் கென்கான். சப்பாத்தை அங்கே கழற்றி, முன்பகுதி கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, மேலே ஏறி வீட்டுச் செருப்பைப் போட வேண்டும். தத்தாமி என்ற வைக்கோற் பாய் விரித்த அறைக்குள் அந்தச் செருப்பும் ஆகாது. மலசலகூடத்துக்குத் தனிச் செருப்பு உண்டு. அதோடு மறந்துபோய்ச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடாத வெளிநாட்டுப் பிள்ளை அருமை! வாசலில் செருப்பைக் கழற்றி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதில் பாதிப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிட்டது. அமெரிக்கப் பிள்ளைகள்தாம் தடுமாறுவார்கள்.

குளியல் அப்படியல்ல. ஆழமான தொட்டியில் 40 பாகை அளவு சூடான நீர் நிறைந்திருக்கும். அது அழுக்குப் போக்கும் நீரல்ல. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிய பின்னரே உள்ளே இறங்க வேண்டும். அதே நீரில்தான் வீட்டார் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். முடிந்ததும் தொட்டியைத் திறந்து நீரை விட்டுவிடாதீர்கள். மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள். மிஞ்சும் நீரை உடுப்புக் கழுவும் இயந்திரத்துக்கு எடுக்கும் வீடுகளும் உண்டு. விருந்தாளிக்கே முதல் முறை தருவார்கள். கடைசியில் குளிப்பது பெரும்பாலும் வீட்டுத் தாய். இதைக் கவனித்தீர்களா சகோதரிகளே? எந்த நாடானாலும் நம் வேலை முடிவது கடைசியில்தான்! பெண்களுக்கே உரிய நாட்களில் தொட்டியில் இறங்காமல் வெளியே நின்று குளித்துவிட்டு வரலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பொதுக் குளியல் நிலையங்களுக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்கும் குடும்பத்தோடு கூப்பிட்டால், அங்கே பெண்கள் பகுதியிலும் உடுப்பின்றித்தான் குளிப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

வெளியே போகும்போது “இத்தெகிமாஸ்” என்று சொல்ல வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்பது பொருள். உள்ளிருந்து “இத்தெராஷ்ஷாய்” என்று பதில் வரும். திரும்பி வந்ததும் “தடைமா”, அதற்கு “ஒகாயெரி”. நம் வீடுகளில் “போயிட்டு வாறேன் உம்மா” என்று சொல்லாமல் வாசற்படி தாண்டிய பிள்ளையை எப்படிப் பார்ப்போம்? அதே பார்வைதான் அங்கேயும். மொழி தெரியாத முதல் வாரத்திலும் இந்த நான்கு சொற்களும் தெரிந்திருந்தால் பிள்ளை அந்த வீட்டுக்குள் சேர்ந்துவிடுவாள்.

இன்னொன்று கிண்ணம். ஜப்பானிய வீடுகளில் சோற்றுக் கிண்ணமும் சாப்பிடும் குச்சிகளும் ஆளுக்கொன்றாக, இன்னாருடையது என்று பிரிந்திருப்பது வழக்கம். ஆகவே, தங்க வரும் பிள்ளைக்கென்று ஒரு கிண்ணத்தை வீட்டுத் தாய் வாங்கி வைத்தால், அது வெறும் பாத்திரம் அல்ல. அந்தக் குச்சிகளைச் சோற்றில் நிமிர்த்திக் குத்தி வைக்கக்கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு கைமாற்றுவதும் ஆகாது. தகனத்தின் பின் எலும்பெடுக்கும் முறை அது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகளை நாம் எப்படி வளர்க்கிறோம்? பிறர் வீட்டில் எதையும் கேட்காதே, வைத்ததைச் சாப்பிடு, குறை சொல்லாதே என்று. ஜப்பானியத் தாய் எப்படி வளர்ந்திருக்கிறாள்? விருந்தாளியைத் துருவிக் கேட்காதே, முகத்துக்கு நேரே மறுக்காதே என்று. ஒரு ஜப்பானியர் “ச்சொத்தோ...” என்று இழுத்து நிறுத்தினால், அதன் நேர்ப் பொருள் “கொஞ்சம்” என்பதே, கருத்தோ “முடியாது” என்பதாகும். இப்படி நல்ல பழக்கமுள்ள இருவர் ஒரு மேசையில் எதிரெதிரே உட்காரும்போது என்ன நடக்கிறது? பிள்ளை சந்தேகத்தோடு வெறுஞ்சோற்றை மட்டும் சாப்பிடுகிறாள். “போதும், வயிறு நிறைந்துவிட்டது” என்கிறாள். தான் சமைத்தது பிடிக்கவில்லை என்று தாய் நினைத்து, அடுத்த நாள் இன்னும் பாடுபட்டு இன்னொன்றைச் சமைக்கிறாள். அதிலும் அதே சந்தேகம். இரண்டு வாரத்தில் பிள்ளை மெலிந்துவிடுவாள். அந்தத் தாயின் மனமும் உடைந்துவிடும். இருவரும் ஒரு வார்த்தை கதைத்திருக்கமாட்டார்கள்.

“நான் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டேன்” என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தத் தாய் இறைச்சித் துண்டுகளைத் தவிர்த்துவிட்டு, ஹாம் நறுக்கிய சலாதுவை வைக்கலாம். அவளுக்கு அது வேறு பொருள். கடையில் வாங்கும் கறிக் கட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மிரின் என்ற இனிப்பான சமையல் மதுவும் சாக்கே என்ற அரிசி மதுவும் அங்கே நாம் உள்ளி, இஞ்சி போடுவதுபோல் அன்றாட ஆணங்களில் ஊற்றப்படுகின்றன. மது குடிப்பதில்லை என்று சொன்ன பிள்ளைக்குச் சமையலிலும் அது ஆகாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சோயா சாறு, மிசோ போத்தல்களில்கூடக் கெடாமலிருக்க மதுசாரம் சேர்ப்பதுண்டு. லேபிளில் “ஷுசேய்” என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்கப் பழக வேண்டும்.

ஆகவே, புறப்படுவதற்கு முன்பே ஒரு தாளில் ஜப்பானிய மொழியில் எழுதுவியுங்கள். பன்றி இறைச்சி, ஹாம், பேக்கன், பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின், சாக்கே, மிரின் என்று ஒவ்வொன்றாக இருக்கட்டும். அதன் கீழே சாப்பிடக்கூடியவற்றை இன்னும் நீளமாக எழுதுங்கள்: மீன், முட்டை, டோஃபு, மரக்கறி, கடற்பாசி, சோறு. விலக்கல்களை மட்டும் கொடுத்தால் அந்தத் தாய்க்குப் பயம் வந்துவிடும். உப்புப் போட்டுச் சுட்ட மீன் அவளுடைய அன்றாடச் சமையல். மிரினுக்குப் பதில் சிறிது சீனி போடலாம் என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஹலால் முத்திரையோடு பிரேசிலிலிருந்து வரும் உறைந்த கோழி சில கடைகளில் கிடைக்கிறது. அதைப் பிள்ளையே வாங்கி வந்து கொடுக்கலாம். சூப்பின் மணத்தைக் கண்டு மிரள வேண்டாம். கத்சுஓபுஷி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. நம் குசினியிலிருக்கும் மாசிக்கு அது சொந்தக்காரன்! ஒரு துண்டு மாசியைக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்கள். மொழியில்லாமலே இரண்டு மணி நேரம் கதைக்கலாம்.

வுழூ விஷயமும் இப்படித்தான். ஜப்பானியரின் முகம் கழுவும் இடம் உலர்ந்த தரையுள்ள சின்ன அறை. அங்கே தரையில் நீர் சிந்துவதும், முகம் கழுவும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைப்பதும் அவர்களுக்கு மிகுந்த அருவருப்பு. வாயால் சொல்லமாட்டார்கள், பிள்ளை போனபின் மண்டியிட்டுத் துடைப்பார்கள். குளியலறையில், தொட்டிக்கு வெளியே கழுவும் பகுதியில் நீர் வடிய வழி இருக்கிறது. “தொழுகைக்காக ஐந்து நேரம் கை கால் கழுவுவேன், இந்த இடத்தைப் பாவிக்கலாமா?” என்று முதல் நாளே கேட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஜூன் மாதத்தில் டோக்கியோவில் நாலரை மணிக்கே சூரியன் உதித்துவிடும். அதற்கும் வெகுநேரம் முன்பு எழும்பி நடமாடும் காலடிச் சத்தம் மெல்லிய சுவர்களுக்கு அப்பால் கேட்கும். அதையும் சொல்லி வைப்பது நல்லது.

பல வீடுகளில் இறந்த முன்னோருக்கான சிறு மாடம் இருக்கும். காலையில் சோறும் நீரும் வைப்பார்கள். அமைதியாக ஒதுங்கி நிற்கும் பிள்ளையை வற்புறுத்துவது வழக்கமில்லை. வீட்டுக்குள் நாய் வளர்ப்பது சிரமம் என்றால், விண்ணப்பப் படிவத்திலேயே எழுதுங்கள். போய் இறங்கியபின் சொல்வது யாருக்கும் நல்லதல்ல. பள்ளிவாசல் இல்லாத நாடு என்றும் நினைக்காதீர்கள். கோபே பள்ளிவாசல் 1935இல் கட்டப்பட்டது. யுத்தக் குண்டுவீச்சுக்கும் 1995ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்துக்கும் தப்பி இன்றும் நிற்கிறது. டோக்கியோவில் 1938இல் எழுந்த பள்ளிவாசல் 1986இல் இடிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் புதிதாகத் திறக்கப்பட்டது.

எல்லா வீடும் சொர்க்கம் என்று நான் எழுதமாட்டேன். பிள்ளையை இலவச ஆங்கில ஆசிரியையாக எண்ணும் வீடுகளும் உண்டு. மாரி காலத்தில் அறைகள் குளிரில் உறையும். கீழே சூடாக்கி பொருத்தி மேலே போர்வை விரித்த தாழ்ந்த மேசையைச் சுற்றித்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். மனத்துக்கு ஒவ்வாதது ஏதும் நடந்தால், பொறுத்துக்கொள் என்று தொலைபேசியில் சொல்லாதீர்கள் உம்மாமாரே. வீட்டை ஒழுங்கு செய்த பல்கலைக்கழக அலுவலரிடம் உடனே போகச் சொல்லுங்கள். வீடு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், அது அவமானமல்ல.

பெரும்பாலான மனத்தாங்கல்கள் இவ்வளவு பெரியவையல்ல. நண்பர்களோடு வெளியே சாப்பிட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்து “எனக்குச் சாப்பாடு வேண்டாம்” என்று சொல்வதுதான் அந்தத் தாயை மிகவும் நோகச் செய்யும். பின்னேரம் அவள் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சிறு செய்தி அனுப்பினால் போதும்.

பயணப் பெட்டியில் என்ன கொண்டுபோவது என்றால், நம் தேயிலையைவிடச் சிறந்தது இல்லை. கொடுத்ததும் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டால் மனம் சுருங்க வேண்டாம். கொடுத்தவர் முன்னே பிரிக்காதது பழைய மரியாதை. கோப்பைகள் வாங்குவதானால் நான்கு வேண்டாம். அவர்கள் மொழியில் நான்கும் மரணமும் ஒரே ஒலி. ஐந்தாக வாங்குங்கள்.