அதற்கொரு பெயர் இருக்கிறது

எங்கள் கூரையடியில் ஒரு கூடு. மேசன் வரும்போது அந்த இடைவெளியைச் சீமெந்தால் அடைத்துவிட வேண்டும் என்றார் வாப்பா. “குருவிதானே” என்று நானும் சொன்னேன். பாயில் இருந்த மூத்தம்மாதான் தலையை நிமிர்த்தினார்.

“சும்மா குருவி எண்டு சொல்லாத மகள். அது அடைக்கலக்குருவி.”

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அதன் விஞ்ஞானப் பெயர் தெரியும்: பாஸர் டொமெஸ்டிகஸ். டொமெஸ்டிகஸ் என்றால் வீட்டைச் சேர்ந்தது. சிங்களத்தில் கே குருல்லா. அதுவும் வீட்டுக் குருவிதான். இரண்டும் அது எங்கே வாழ்கிறது என்று சொல்கின்றன. மூத்தம்மாவின் பெயரோ அது எங்களிடம் எதற்காக வந்தது என்று சொல்கிறது. அடைக்கலம் என்று வந்ததைச் சீமெந்து பூசி அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றப் பெயர்களையும் கேட்கத் தொடங்கினேன். வயல்கரையில் தொங்கும் கூட்டைப் பார்த்து நம்மவர்கள் தூக்கணாங்குருவி என்றார்கள். அதே கூட்டைப் பார்த்த சிங்களவர் வடு குருல்லா, அதாவது தச்சன் குருவி என்றார்கள். ஆங்கிலத்தில் அது நெசவாளி. ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெண்குருவியின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும். பிடிக்காவிட்டால் கூடு பாதியிலேயே கிடக்கும். (இதைக் கேட்டு எங்கள் வகுப்பு சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.) அது மின்மினியை ஒட்டிக் கூட்டுக்குள் விளக்கேற்றும் என்பது மட்டும் மூத்தம்மாவின் கதை. உண்மையில் ஒட்டுவது ஈரக் களிமண்.

நாட்டுப் பெயர்கள் குழப்பமானவை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். நாங்கள் தவிட்டுக்குருவி என்பதை யாழ்ப்பாணத்தில் புலுனி என்பார்கள். பரீட்சைத் தாளில் இரண்டையும் எழுத முடியாது. ஆனால் விஞ்ஞானப் பெயர் மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? இலையின் ஓரங்களைத் துளைத்து, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடாக்குவது தையல்சிட்டு. அதன் விஞ்ஞானப் பெயரில் வரும் ‘சூட்டோரியஸ்’ என்ற சொல் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயர் வைத்த அறிஞரும், வேலியோரம் நின்ற ஒரு மூத்தம்மாவும் அந்தப் பறவையிடம் கண்டது ஒரே வேலையைத்தான். தவிட்டின் நிறத்தை அறிந்த ஒருவர்தானே தவிட்டுக்குருவி என்று அழைத்திருப்பார்? பக்கற்றில் அரிசி வாங்கும் நமக்கு அந்தப் பெயர் எப்படி விளங்கும்?

அபூ உமைர் என்ற சிறுவனின் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். அவன் விளையாடிய சிறு பறவை இறந்து, அவன் கவலையோடு இருந்தபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவனிடம் அதைப் பற்றி விசாரித்தார்கள். பறவை என்று பொதுவாகக் கேட்கவில்லை. ‘நுஃகைர்’ என்று அதன் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். இந்த ஹதீஸைப் பலமுறை கேட்டும், அந்தச் சொல்லில் நான் ஒருநாளும் நின்றதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலியைக் காட்டி “அது என்ன?” என்று கேட்டால், “குருவி” என்று முடித்துவிடாதீர்கள். தெரியாவிட்டால் வீட்டிலுள்ள மூத்தவரிடம் அனுப்புங்கள். தாமதிக்கவும் வேண்டாம். என் மூத்தம்மா இப்போது சில நாட்களில் என் பெயரையே மறந்து, மாமியின் பெயரால் என்னைக் கூப்பிடுகிறார். கொப்பியில் இதுவரை பதினொரு பறவைப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன்.

குஞ்சுகள் பறக்கும் வரை மேசனை வரவேண்டாம் என்று வாப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த இடைவெளி என்னவாகும் என்று நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.