நெடுந்தீவில் 35 பேரா, 4 பேரா?

2007 மே 24 அதிகாலை நெடுந்தீவில் இருந்த கடற்படை நிலையொன்றைக் கடற்புலிகள் தாக்கினார்கள். 35 கடற்படையினரைக் கொன்றதாகப் புலிகள் அறிவித்தார்கள். இறந்தது நாலு பேர்தான் என்றது கடற்படை. செய்தியில் இரண்டு எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது பழகிய விசயம். அவரவர் ஒத்துக்கொள்ளும் இழப்பை அடிக்கணக்காகவும், எதிராளி சொல்வதை உச்சக்கணக்காகவும் வைத்து, இடையில் ஒரு தொகையை மனதுக்குள் போட்டுக்கொள்வார். தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் அல்லவா? இலங்கை வானொலி, புலிகளின் குரல், இரவில் பிபிசி தமிழோசை. சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும்.

ஆனால் குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. ஒரு நிருபர் போய்ப் பார்த்திருந்தால் 35ஆ, 4ஆ என்ற கேள்விக்கே இடமிருந்திராது. கடலும் துறையும் கடற்படையின் கையில் இருந்தன என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன். 2000 அக்டோபர் 10 தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நடந்த வாக்கு மோசடிகளை பிபிசிக்குச் சொன்னவர். ஒன்பதாம் நாள் ஊரடங்கு வேளையில், வீட்டு யன்னலூடாகச் சுட்டுக் கொன்றார்கள். சுற்றிவரக் காவலரண்கள் இருந்த இடம் அது. அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகை ஆசிரியர் எந்தப் பிள்ளையைத் தீவுக்கு அனுப்புவார்? வன்னியில் புலிகளின் தோல்வியை எழுதவும் ஆளிருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியட்நாமில் பிணக்கணக்குக் காட்டிப் பெயர் கெட்ட அமெரிக்க இராணுவம், ஆப்கானிஸ்தானில் அந்தக் கணக்கே எடுப்பதில்லை என்றது. கொழும்பு நேர்மாறு. பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்ற பெயரில், நாள்தோறும் ஒரு தொகை வந்தது. போர்க்களத்துக்குப் போன செய்தியாளரும் இராணுவம் கூட்டிப்போய்க் காட்டியதைத்தான் பார்த்தார்.

பிறகு வெற்றியைச் சொன்னாலும் போதாது, மனம் குளிரச் சொல்ல வேண்டும் என்றாயிற்று. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது; அன்றே கொழும்பில் விமானப்படைத் தலைமையகத்தருகே தற்கொலைக் குண்டு வெடித்தது. குண்டுக்குக் கூடிய இடம் கொடுத்ததாக அரச ஊடகங்கள் சிரச தொலைக்காட்சியைத் திட்டின. 6ஆம் திகதி ஆயுதம் தாங்கியவர்கள் அதன் கலையகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 8ஆம் திகதி பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார்.

தீவுப்பகுதியில் சர்ச்சையே வராத ஒரு தொகையும் உண்டு. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் அயலிலும் 13 பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதில் ஒன்று நாலு மாதக் குழந்தை. கடற்படைமீது குற்றச்சாட்டு எழுந்தது, கடற்படை மறுத்தது. 13ஐ மட்டும் யாரும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.