வயிற்றுக் கோளாறும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும்

திருமண அழைப்பு வந்தால் மகிழ்வதற்குப் பதிலாக, "மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கவலையுறும் பெண்மணி ஒருவரை நான் அறிவேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் ராத்தா. மறுநாள் பேருந்துப் பயணம் என்றால் முதல் நாள் இரவே பட்டினி. காலையில் மூன்று நான்கு முறை சென்று வந்த பின்னரும் வயிற்றைப் பிசையும் வலி. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்தும் குறையொன்றும் புலப்படவில்லை. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் கூறியதுதான் நோயைக் காட்டிலும் அவரை வருத்தியது.

பிரமையன்று, சகோதரிகளே! மருத்துவர்கள் இதனை ஐ.பி.எஸ். என்பர். குடலில் புண்ணோ கட்டியோ இராது. அதன் அசைவும் உணர்வும் மட்டும் முறை தவறியிருக்கும். சிலருக்குக் கழிச்சல், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். ராத்தாவுக்கு முதல் வகை.

எலும்புத் தேய்மானத்திற்காக மருத்துவர் அவருக்குக் கால்சியம் மாத்திரை எழுதித் தந்தார். சில நாட்களில் காலைக் கழிச்சல் மட்டுப்பட்டது! வியப்பதற்கில்லை. கால்சியம் கார்பனேட் மலத்தை இறுக்கும். எலும்புக்காக உண்போர் பலர் பக்கவிளைவென்று குறை கூறுவதே இவருக்கு நன்மையாயிற்று. மற்றொரு காரணமும் இருக்கலாம். பித்த அமிலம் மிகுதியாகப் பெருங்குடலை அடைந்தால் நீர் சுரந்து கழிச்சல் உண்டாகும். பித்தப்பையை அகற்றிக்கொண்டோர் சிலர் இதனால் துன்புறுவர். கால்சியம் அந்த அமிலத்தைப் பிணைக்க வல்லது. எனினும், ஐ.பி.எஸ். நோய்க்கு இதுவே மருந்து என்று பெரிய ஆய்வு எதுவும் நிறுவவில்லை.

இந்த இடத்தில் என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். ராத்தாவின் அனுபவத்தைக் கேட்ட உற்சாகத்தில், இதே தொல்லையுடைய என் தங்கைக்கும் அம்மாத்திரையைப் பரிந்துரைத்தேன். ஓதிக் கொடுப்பவன் வைத்தியம் சொல்லலாமா என்று அப்போது எண்ணவில்லை. அவளோ தைராய்டு மாத்திரை உண்பவள். இரண்டையும் விடியற்காலையில் ஒன்றாக விழுங்கி வந்தாள். சில மாதங்களில் சோர்வும் உடல் வீக்கமும் கண்டன. பரிசோதித்தபோது தைராய்டு அளவு கெட்டிருந்தது. தைராக்சினைக் குடல் உறிஞ்சவிடாமல் கால்சியம் தடுத்துவிடும். இரண்டிற்கும் இடையே நான்கு மணி நேரமேனும் வேண்டுமாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் சில கிருமிக்கொல்லி மருந்துகளுக்கும் இடைவெளி தேவை. நோன்புக் காலத்தில் ஸஹரில் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்குவோர் கவனிக்க! கால்சியத்தை இரவு உணவிற்கு மாற்றிக்கொள்ளலாம். கார்பனேட் வகை உணவோடுதான் நன்கு சேரும்.

அட்டையில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். மக்னீசியம் கலந்திருந்தால் கழிச்சல் கூடவே செய்யும். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராமே. உணவையும் சேர்த்து, ஐம்பது வயதுவரை நாளொன்றுக்கு 2500 மில்லிகிராமும் அதற்கு மேற்பட்டோர் 2000 மில்லிகிராமும் தாண்டலாகாது. அமெரிக்காவில் முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் உண்டவர்களிடையே சிறுநீரகக் கல் 17 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. கல் வந்தவர்களும் சிறுநீரகம் பழுதுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடவே வேண்டாம். மலச்சிக்கல் வகையினருக்கோ இது துன்பத்தையே பெருக்கும்.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, காய்ச்சல், சோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், ஐம்பதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் கைமருந்து பார்த்துக் கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தங்கை இப்போது கால்சியத்தை விட்டுவிட்டாள். மருத்துவர் சொற்படி இசப்கோல் குடிக்கிறாள். ராத்தா இரவு உணவோடு ஒரு மாத்திரை உண்கிறார். சென்ற மாதம் ஒரு நிக்காஹ் விருந்தில் அவரைக் கண்டதாக என் மனைவி சொன்னாள். பிரியாணி பாதிதான் உண்டாராம். அமர்ந்தது மட்டும் வாசலோரமாம்.