என்ன சாதனம் என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பக்கத்துக் கடையில் புது எஸ்எஸ்டி போட்டு, "2 ஜிபி ரேமுக்கு இதுதான்ணே தாங்கும்" என்று விண்டோஸ் 7ஐ ஏற்றிக் கொடுத்தார்கள். வேகம் கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் சத்தமில்லை, நெட்டும் இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் ஆச்சரியக்குறிகள்தான். தங்கச்சி மகன் டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்ப்பது இந்தப் பெட்டியில்தான். ஊமைப் படமாகவா அவன் பாடம் படிப்பான்?

அந்தப் பட்டியலைப் படித்தால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடுகிறது. 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கண்ட்ரோலர்' என்று ஒன்று. பெயரைப் பார்த்தால் நெட் வராததற்கு இதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது இன்டெல் போர்டுக்குள் இருக்கும் நிர்வாகப் பகுதி. டிரைவர் இல்லாவிட்டாலும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. நெட்டுக்கு உரியது 'ஈதர்நெட் கண்ட்ரோலர்' என்று தனியாகக் கிடக்கிறது. எது அவசரம், எதை விட்டுவிடலாம் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? எல்லாவற்றுக்கும் ஒரே 'கோட் 28'. டிரைவர் ஏற்றவில்லை என்று அர்த்தம். அதைத்தான் நாங்கள் கண்ணால் பார்க்கிறோமே!

இத்தனைக்கும் அது எந்தச் சிப் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், அதற்குள் ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் எண் இருக்கிறது. முதலில் வரும் தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல் (1978இல் வந்த அவர்களுடைய சிப்பின் எண் அது), 1002 என்றால் ஏஎம்டி. அடுத்த எண் எந்தச் சிப் என்பதையே சொல்லிவிடும். லினக்ஸில் ஒரே கட்டளையில் பெயரோடு வரிசையாக வந்து விழுகிறது. இங்கே மட்டும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே 'அன்னோன் டிவைஸ்' என்கிறது.

எண்ணைக் கண்டுபிடித்தாலும் வழி பிறக்கிறதா? டிரைவரை நெட்டிலிருந்து இறக்கச் சொல்கிறார்கள். நெட் வருவதற்கே அந்த டிரைவர்தான் வேண்டும். சரி, போனில் தேடினால் போர்டு தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் அந்த மாடலையே காணோம். மற்ற தளங்களில் பச்சை நிறத்தில் 'டவுன்லோட்' பொத்தான்கள். எதை அமுக்கினாலும் கேட்காத மென்பொருள் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் விசாரித்தால், "பழைய மாடல்ணே, புதுசா வாங்கிருங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

புதிது வாங்கக் காசு? அதை யாரும் கேட்பதில்லை. பழையதையே ஓட்டலாம் என்றால், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் நின்றது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். 2011 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே விலையில்லா மடிக்கணினி, அதை இன்னும் துடைத்து வைத்துப் பயன்படுத்துகிற வீடுகள் இருக்கின்றன. அவர்களும் இதே மஞ்சள் குறிக்கு முன்னால்தான் உட்கார வேண்டும்.

இரும்பு கெடவில்லை, சிப் சாகவில்லை. சில எம்பி அளவுள்ள ஒரு நெட்வொர்க் டிரைவர் கோப்பைத் தன் தளத்தில் விட்டுவைக்க போர்டு தயாரித்த நிறுவனத்துக்கு என்ன செலவாகிவிடும்? புது மாடல் விற்க வேண்டுமானால் விற்கட்டும், விற்ற பழைய மாடலின் கோப்பை ஏன் எடுக்க வேண்டும்?